ஏழேகால் முனியப்பன்

12.11.2024, செவ்வாய்.
இன்றைய தவறு: ஒன்று. ஏரிக்கரையில் எதிரே ஆள் இருந்தும் வண்டியின் ஹை பீம் வெளிச்சத்தை இறக்கவில்லை.
காரணம்: பயத்தில் விரல் சுவிட்சுக்குப் போகவில்லை.
நாளை: இறக்கிப் பழக வேண்டும்.

எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள் சுமலதா. பிறகு திறந்தாள். 'ஒன்று' என்பதை அடித்து 'இரண்டு' ஆக்கினாள். அந்த இரண்டாவது தவறு இன்னதென்று எழுத மட்டும் கை வரவில்லை. டைப்ரைட்டிங் வகுப்பில் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடிக்கிற கை அது.

நடந்தது இதுதான். அதியமான்கோட்டையில் ஏழு மணிக்கு வகுப்பு முடிந்தது. ஹைவேயில் லாரி வெளிச்சங்களுக்குக் கண்ணைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து, தன் ஊரான புளியங்கொட்டாய்க்குப் பிரியும் ஊர்ச்சாலையில் நுழைந்தாள். நான்கு கிலோமீட்டர். ஒரு தெருவிளக்கு கிடையாது. ஏரிக்கரைக்கு வந்தபோது மணி ஏழேகால். வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவிட்டு, புளிய மரங்களை ஏறிட்டுப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சட்டென்று சாலை ஓரத்தில் ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். தலை முதல் கால் வரை சேறு. அவருக்குப் பின்னால் வாய்க்காலில் ஒரு மொபெட் மல்லாந்து கிடந்தது. அதன் சக்கரம் அசையாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ சாமி!" என்று அவர் கத்தினார்.

குரல் தெரிந்த குரல். ஊர்க் கோடியில் இருக்கும் சென்றாயன் மாமா. தன் வெளிச்சத்தில் கண் கூசித்தான் மனிதர் வாய்க்காலில் விழுந்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்துபோனது. நில், இறங்கு, தூக்கிவிடு என்று மூளை சொன்னது. கை ஆக்சிலேட்டரை முறுக்கியது.

வீட்டு வாசலில் அப்பா கிருஷ்ணப்பன் வழக்கம்போலக் கேட்டார்.

"வழியில ஒண்ணும் பயமில்லியே?"

"இல்லப்பா."

வேறு எந்தப் பதிலும் சொல்ல முடியாது. வகுப்பில் சேர்த்த அன்றே அவர் சொல்லிவிட்டார்: "இருட்டுல வண்டி ஓட்டறதுக்கு பயமில்லன்னா போ. பயமா இருக்குன்னு ஒரு நாள் சொன்னியா, அன்னியோட கிளாசு நின்னுடும். எனக்கு உன் உசுருதான் பெருசு." பிப்ரவரியில் பரீட்சை. அதில் பாஸானால்தான் பகலெல்லாம் ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் நிற்கிற வேலையை விட்டுவிட்டு ஏதாவது ஓர் ஆபீசுக்கு மனுப் போட முடியும்.

மறுநாள் மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது, டீக்கடையிலிருந்து வந்த அப்பா சொன்னார்.

"விசயம் தெரியுமா? நம்ம சென்றாயன் நேத்து ஏரிக்கரையில முனியப்பன நேர்ல பாத்திருக்கான்."

சுமலதாவுக்குக் கையிலிருந்த சாவி நழுவியது. "முனியப்பனா?"

"ஆமா புள்ள. பெரிய வெளிச்சமாம். சூரியன் மாதிரி. ஆனா துளி சத்தம் கெடையாதாம். லாரின்னா சத்தம் வரும், பைக்குன்னா சத்தம் வரும். சத்தமே இல்லாம வர்றதுக்கு எந்த வண்டியால முடியும்?"

வாசலில் நின்றிருந்த பேட்டரி ஸ்கூட்டரை அவள் பார்த்தாள். அப்பாவும் அதன் சீட்டின் மேல் கை வைத்துக்கொண்டுதான் பேசினார். ஊரில் அப்படிப்பட்ட வண்டி அது ஒன்றுதான். பகலில் சின்னப் பிள்ளைகள்கூட அதைக் 'கொசு வண்டி' என்று கேலி செய்வார்கள். கொசு வண்டி ராத்திரியில் சாமியாகும் என்று யாருக்குத் தோன்றும்?

"அடி பலமா மாமாவுக்கு?"

"முழங்கை தேஞ்சிருக்கு. அதவிட, ஆளு மெரண்டு போயிக் கெடக்கறான். அவன் பொண்டாட்டி சின்னக்காதான் திருநீறு வெச்சு விட்டுச்சாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. 'ஏன் நிக்கல?' என்று அப்பா கேட்பார். 'பயந்துட்டேன்' என்று சொல்ல வேண்டி வரும். அதோடு கிளாஸ் போச்சு.

டைப்ரைட்டிங் வகுப்பில் அடுத்த மெஷினில் உட்காருகிற சாதியாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். சாதியா அடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். அவளுடைய அண்ணன் முதசிர் பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் போகிறவர். அதனால் இருட்டில் வண்டி ஓட்டுவதைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்பது சாதியாவின் நினைப்பு.

"ஆள் வந்தா டிம் பண்ணு. மெதுவாப் போ. எதிர்ல வர்ற லைட்டப் பாக்காத, ரோட்டோட இடது ஓரத்தப் பாத்துக்கிட்டே போ. எங்கண்ணன் இப்படித்தான் போகும்."

"அவ்வளவுதானா?"

"பயந்தா தப்பில்லடி. பயந்துக்கிட்டு வேகமாப் போனாத்தான் தப்பு."

அந்த வாக்கியத்தை சுமலதா நோட்டில் குறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து டிம் லைட், இருபது கிலோமீட்டர் வேகம், இடது ஓரம். மூன்று நாள் ஒரு தவறும் இல்லை. நாலாம் நாள் அப்பா சாப்பிடும்போது சொன்னார்.

"முனியப்பன் இப்ப தலையக் குனிஞ்சுக்கிட்டு மெதுவா வருதாம். ஏரிக்கரையில ஆடு ஓட்டிக்கிட்டு வந்தவங்க பாத்திருக்காங்க. ஓரமாவே பாத்துக்கிட்டு வருதாம். யாரையோ தேடுதாம்."

சுமலதாவுக்குப் புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள்.

"யாரத் தேடுதாம்?" என்றாள் அம்மா.

"அதான் ஊரே ரோசன பண்ணுது. அவனவன் செஞ்ச தப்ப நெனச்சு நெனச்சுப் பாக்கறான். பக்கத்துக் காட்டுக்காரன் வரப்ப ரெண்டடி தள்ளி வெச்சிருந்தான்ல? இன்னிக்குக் காலையில பழைய எடத்துலயே போட்டுட்டான்."

மறுநாள் சாதியா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் வகுப்பில் பாதி மெஷின்கள் நின்றன.

"சிரிக்காதடி. எனக்கு வெக்கமா இருக்கு."

"சரி, சரி. பிரச்சனையே உன் வண்டியில சத்தம் வராததுதான். சத்தம் வந்தா மனுசின்னு தெரிஞ்சிரும். ஏதாச்சும் கட்டு."

முறைப்படி யோசித்துத்தான் செய்தாள். சைக்கிள் மணி என்றால் கை வேண்டும். பாட்டுப் போட்டால் கவனம் சிதறும். மாட்டுக் கொட்டகையில் எருதுக் கழுத்துச் சலங்கை ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எருது விற்று நாலு வருசமாயிற்று. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் முன் கைப்பிடிக்குக் கீழே கட்டினாள். சாதியா தன் பங்குக்கு, அண்ணன் வைத்திருந்த பளபளக்கிற பச்சைச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அது.

"இதப் போட்டா பின்னாடி வர்ற வண்டிக்கும் நீ தெரிவ."

இத்தனை ஏற்பாட்டோடு வீட்டு வாசலில் போய் இறங்கினால் அப்பாவுக்கு உடனே தெரிந்துபோகும், இவள் எவ்வளவு பயப்படுகிறாள் என்று. அதனால் ஊருக்குள் நுழைவதற்கு முன்னால், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, லைட்டை அணைத்து, சலங்கையை அவிழ்த்து, பச்சைச் சட்டையைக் கழற்றி, இரண்டையும் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பிறகு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போனாள்.

இரண்டே நாள்.

"இப்ப சலங்கை சத்தமும் கேக்குதாம்," என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. "குதிரையில வருது. பச்சை வெளிச்சத்துல ஒடம்பே மின்னுதாம். தலை உருண்டையா, பெருசா, மூஞ்சியே இல்லியாம்."

ஹெல்மெட் என்று சொல்ல வாயெடுத்தாள் சுமலதா. மூடிக்கொண்டாள்.

"டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வருதாம். அப்புறம் மாயமா மறைஞ்சிடுதாம். தெனமும் ஏழேகாலுக்கு. நீ ஏழரைக்கு வர்ற. நூல் எழையில தப்பிச்சுக்கிட்டு இருக்கற புள்ள நீ!"

27.11.2024, புதன்.
இன்றைய தவறு: பழைய தவறே வளர்ந்துவிட்டது.
காரணம்: நான்.
நாளை: தெரியவில்லை.

அதை எழுதியபோது கண்ணீர் பட்டு மை பரவியது. காரணம், அன்று காலை ஊர் கூடி முடிவெடுத்திருந்தார்கள். மாலை ஆறரைக்கு மேல் எட்டு மணி வரை ஏரிக்கரைச் சாலையில் யாரும் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை அதே இடத்தில் பூசை. அப்பாவும் தன் முடிவைச் சொல்லிவிட்டார்.

"கிளாசெல்லாம் போதும். சாமி சுத்தற நேரத்துல உனக்கு ரோட்டுல என்னா வேலை?"

"அப்பா, எனக்குத்தான் பயமில்லியே."

"உனக்கில்ல. எனக்கிருக்கு."

பயத்தை மறைத்துக் காப்பாற்றிய வகுப்பு, பயமில்லை என்று சொன்ன பிறகும் போய்விட்டது. அன்று ராத்திரி அவள் ஒன்றைக் கவனித்தாள். நிஜமாகவே இப்போது பயமில்லை. இரண்டு வாரமாக ஒவ்வொரு குழியையும் ஒவ்வொரு திருப்பத்தையும் மெதுவாகப் பார்த்துப் பார்த்து வந்ததில், அந்தச் சாலை அவளுக்குக் கீபோர்டு மாதிரி பார்க்காமலே தெரிந்திருந்தது. அதைச் சொல்லிச் சந்தோஷப்படத்தான் ஆளில்லை.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். எல்லார் முன்னாலும். அடி விழுந்தாலும் விழட்டும். சென்றாயன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால், அடுத்த மாதம் கோபுரம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏரிக்கரையில் சாயங்காலமே கூட்டம் சேர்ந்துவிட்டது. வாய்க்கால் ஓரம் மூன்று கல்லை நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். பூசாரி சின்னராஜ் கற்பூரத் தட்டோடு நின்றார். பம்பை முழங்கியது. கல்லுக்குப் பக்கத்தில் சென்றாயன், நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் மாலையுமாக, கை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சாமியை நேரில் பார்த்தவர் என்று ஊரில் இப்போது அவருக்கு நாற்காலி போடுகிறார்கள். அவர் மனைவி சின்னக்கா கூட்டத்தின் ஓரத்தில் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுமலதா தலைக்குக் குளித்து, ஈரம் காயாத முடியை விரித்துவிட்டிருந்தாள். வெட்கத்தில் உடம்பு தன்னால் நடுங்கியது. இரண்டு அடி முன்னால் வைத்தாள். பம்பைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்தினாள்.

"அன்னிக்கு ஏழேகாலுக்கு இங்க வந்தது நான்தான்!"

பம்பை ஒரு நொடி நின்றது. பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"வந்துருச்சு! புள்ள மேல வந்துருச்சு!"

"ஐயோ, இல்ல! வெளிச்சம் என்னோடது! சலங்கையும் நான்தான் கட்டிக்கிட்டு வந்தேன்!"

"சலங்கையும் அதுதானாம்!" என்று யாரோ பின்னால் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

"மாமா, உங்கள வாய்க்கால்ல வுழ வெச்சது நான்தான். நிக்காமப் போயிட்டேன். மன்னிச்சிருங்க மாமா!"

சென்றாயன் அப்படியே மாலையோடு அவள் காலில் விழுந்தார். "சாமி மன்னிப்புக் கேக்கக் கூடாது! நான்தான் கேக்கணும்!"

சுமலதா அழுதாள். அழ அழக் குலவை கூடியது. நாலு பேர் திருநீற்றை அள்ளி நெற்றியில் அப்பினார்கள். கொஞ்சம் வாய்க்குள்ளும் போனது. பூசாரி சின்னராஜ் முன்னால் வந்தார். இருபது வருசமாகச் சாமியிடம் பேசிப் பழகியவர்.

"எந்தத் தெசையிலேர்ந்து வர்ற சாமி?"

"அதியமான்கோட்டையிலேர்ந்து."

"அங்க எதுக்குப் போயிருந்த?"

"டைப்ரைட்டிங் கிளாசுக்கு."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பூசாரி மட்டும் அசரவில்லை.

"உனக்கு என்னா வேணும்? ஆடா, சேவலா?"

"ஒண்ணும் வேணாம். இந்த ரோட்டுக்கு லைட்டு போடுங்க."

"பத்து வருசமா மனு குடுக்கறோம் சாமி. அது உன்னாலயும் ஆவாது. வேற கேளு."

"கிளாஸ நிறுத்தாதீங்க," என்று விம்மினாள் சுமலதா. "பிப்ரவரியில பரீட்ச."

பூசாரி ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டுக்குங்க! புள்ள படிப்ப நிறுத்துனதுதான் சாமிக்குக் கோவம்! யாரு நிறுத்துனது?"

எல்லாத் தலையும் ஒரு பக்கம் திரும்பியது. கிருஷ்ணப்பன் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. மகளுக்கு முன்னால் வந்து கை கூப்பினார்.

"தப்புதாங்க சாமி. நாளையிலேர்ந்து போயிட்டு வாங்க."

அப்பா அவளை 'வாங்க' என்று சொன்னது அவள் பிறந்த இருபத்து மூன்று வருசத்தில் அதுதான் முதல் தடவை. வாய்க்காலில் இறங்கி முங்கிவிடலாம் போலிருந்தது. அதில் முழங்கால் ஆழத்துக்குத்தான் தண்ணீர்.

யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். சின்னக்கா.

"நகருங்க, நகருங்க. புள்ள தளர்ந்து போச்சு. எங்கூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி மொகம் கழுவி வுடறேன்."

சின்னக்காவின் வீடு கரையிலிருந்து இறங்கியதும் முதல் வீடு. பின்பக்கம் தொட்டித் தண்ணீரை மொண்டு அவள் முகத்தில் அடித்தாள். திருநீறு வழிந்து ரவிக்கையில் இறங்கியது.

"அத்த," என்றாள் சுமலதா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்களாச்சும் நம்புங்க. என் மேல சாமியும் வரல, ஒண்ணும் வரல. என் பேட்டரி வண்டிதான் அது. என்னாலதான் மாமா வுழுந்தாரு. அன்னிக்கே நின்னு தூக்கி வுட்டிருக்கணும். பயத்துல ஓடிட்டேன். பதினேழு நாளா எனக்கு சோறு எறங்கல."

சின்னக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, கொல்லைப் படலுக்கு அப்பால் கையைக் காட்டினாள். பத்தடி தூரத்தில் டிரான்ஸ்பார்மர் நின்றது.

"தெனமும் அங்கதான வண்டிய நிறுத்தி சலங்கைய அவுக்கற? பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்."

கரையிலிருந்து பம்பைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே சென்றாயன் யாருக்கோ கதை சொல்லும் குரல் தெளிவாகக் கேட்டது. அவர் கதையில் அந்த வெளிச்சம் இப்போது பனைமர உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"நிக்காமப் போன பாரு, அது தப்புதான் கண்ணு. அதுக்கு நீ அழுதது சரி. மத்ததுக்கு எதுக்கு அழுவற?" சின்னக்கா குரலைத் தாழ்த்தினாள். "குடிச்சிட்டு, லைட்டே எரியாத வண்டிய ஓட்டிக்கிட்டு வந்து அவரு வாய்க்கால்ல வுழுந்தது ஆறரை மணிக்கு. கரை எந்தப் பக்கம்னு தெரியாம முக்கா மணி நேரம் சேத்துல கெடந்தவரு, நீ வந்த வெளிச்சத்துலதான் ஏறி வந்தாரு. அத முனியப்பன்னு சொல்லி நம்ப வெச்சது நானு. அன்னியிலேர்ந்து மனுசன் பொழுது சாஞ்சா வூட்ட வுட்டு நகர்றதில்ல, வாயில ஒரு சொட்டு வெக்கறதில்ல. நாளைக்கும் மறக்காம சலங்கைய கட்டிக்கிட்டு வந்துடு."

29.11.2024, வெள்ளி.
இன்றைய தவறு: ஊர் முன்னால் அழுதது. அப்பாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லாதது.
காரணம்: முதலாவதற்கு வெட்கம். இரண்டாவதற்கு சின்னக்கா அத்தை.
நாளை: சலங்கைக் கயிறு நைந்திருக்கிறது. புதுக் கயிறு வாங்க வேண்டும்.